தேவாலயத்தில் தொடங்கிய விண்வெளி ஆய்வு: விக்ரம் சாராபாய்

1919 ஆகஸ்ட் 12 இல் அகமதாபாத்தின் வசதியான ஆலை முதலாளி குடும்பத்தில் பிறந்தவர் விக்ரம் சாராபாய். கேம்பிரிட்ஜில் படித்தார். உலகப்போர் காலத்தில் பெங்களூரில் சி.வி.ராமனின் கீழ் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1962 இல் இந்திய விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழுவின் தலைவரானார்.

ஏவுதளத்துக்கு அவர் தெரிவு செய்த இடம், பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா. எங்கள் மன்னார்க் கரையைப் போலவே அதுவும் கத்தோலிக்க மீனவர்களின் ஊர். சாராபாய் ஆயர் பீற்றர் பெர்னாட் பெரேராவிடம் நேரில் கேட்டார். ஆயர், பூசைக்கு வந்த மக்களிடம் கேட்டார். மக்கள் சம்மதித்தார்கள். புனித மகதலேனா மரியாள் தேவாலயம் அலுவலகமாகவும் பணிமனையாகவும் மாறியது. மக்களுக்கு வேறிடத்தில் குடியிருப்பும் தேவாலயமும் அமைந்தன.

1963 நவம்பர் 21 மாலை, நாசா வழங்கிய நைக்-அப்பாச்சி ரொக்கெட், ஆளின்றி, சோடிய ஆவிக் கருவியுடன் அங்கிருந்து மேலெழுந்தது. 1971 டிசெம்பர் 30 இல், தும்பாப் பணிகளைப் பார்க்க வந்திருந்த சாராபாய் கோவளத்தில் காலமானார். வயது 52.

முள்ளிக்குளம் மக்கள் 2007 இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அங்கே கடற்படை முகாம் எழுந்தது. தும்பா மக்களும் தங்கள் கரையை இழந்தவர்கள்தான். ஆனால் அவர்களிடம் முதலில் கேட்டார்கள். முள்ளிக்குளத்தில் யாரும் கேட்கவில்லை.