நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை

குடமுழுக்கு நன்னாளில் யாகசாலையினின்றும் கடம் புறப்படுங்கால் அதற்கு முன்னே செல்வது நாகசுரம். அதனை ஊதுவோர் எங்ஙனம் வாழ்ந்தனர், எவ்விடத்தில் அமர்த்தப்பெற்றனர் என்று நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் படப்பைக்கு அணித்தாகிய குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் இசைவாணர் நிலையை எண்ணிப் பார்த்தவர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைத் திருக்கோயிலில் இசைத்தபோது, தரையின் ஈரம் தாக்கி யாழின் கட்டு நெகிழாதிருக்கப் பலகை இடுமாறு இறைவனே பணித்த செய்தியைப் பெரியபுராணத்தில் அவர் பாடி வைத்தார். நாகசுரக் கலைஞருக்கு அத்தகைய பலகை கிடைக்க நெடுங்காலம் சென்றது. அதனை வற்புறுத்திப் பெற்றவர்களுள் முன்னிற்பவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை அவர்கள்.

இவர் 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27 ஆம் நாள் நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் பாலசுப்பிரமணியம் என்பது. தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்து நாகசுர வித்துவான். அவர் ஆதரவில் வளர்ந்தமையால் ஆதீனத்தின் ஊரே இவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டும், அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரமும் பயின்றார். பாடுவோனாகவே முதலில் மேடையேறினார்; குழலில் பாட்டைக் கொணர்ந்தமைக்கு அப்பயிற்சியே காரணம் என்பது அடியேன் கருத்து.

அந்நாளில் இத்தொழில் எத்தகையது என்பதை அன்பர்கள் அறிதல் வேண்டும். திருவிழாக் காலத்தில் மல்லாரி தொடங்கிச் சுவாமி திரும்பும் வரை வீதியில் நின்றும் நடந்தும் இரவெல்லாம் வாசித்தல் வேண்டும். கோயிலில் கிடைப்பது சிறிது நெல்லும், இருந்தால் மானிய நிலமும். முகூர்த்த மாதங்களில் ஈட்டியதை வைத்துக்கொண்டு ஆடியையும் மார்கழியையும் கடத்த வேண்டும். செல்வர் இல்லத் திருமணங்களிலோ, மங்கல இசை இன்றித் தாலி ஏறாது. ஆயினும் அதனை வாசிப்பவர் இருக்கும் இடம் பந்தலின் ஓரம். பாட்டுக் கச்சேரி செய்வோருக்கு மேடையும் சமுக்காளமும் உண்டு. இந்த வேற்றுமை அறத்தின்பாற்பட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இராசரத்தினம் பிள்ளை இதற்கு உடன்படவில்லை. குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார்; கோட்டும் ஷெர்வானியும் அணிந்தார்; மேடையில் அமர்ந்து வாசித்தார். பழைமை பேணுவோர் சிலர் முகஞ்சுளித்தனர். ஆயினும் இவர் தோடி இராகத்தை விரிக்கத் தொடங்கினால் முகஞ்சுளித்தவரும் எழுந்து செல்லார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலோடு அது சேர்ந்த இரவுகளைக் கேட்டவர்கள் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தனர்.

கருவியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பழைய திமிரி நாயனம் குறுகியது, சுருதி மிக உயர்ந்தது, வீதிக்கு ஏற்றது. வாய்ப்பாட்டின் நெளிவு சுளிவுகளுக்கு அது இடந்தராது என்று கண்டு, நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியைக் கொண்டு நீண்டதும் சுருதி தாழ்ந்ததுமாகிய பாரி நாயனத்தை உருவாக்குவித்தார். ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவையும் வைத்துக்கொண்டார். 1940 இல் வெளிவந்த கவி காளமேகம் என்னும் திரைப்படத்தில் காளமேகப் புலவராக நடித்ததும் உண்டு; அத்துறையில் அவர் நிலைக்கவில்லை.

1947 ஆகஸ்டு 14 ஆம் நாள், நாடு விடுதலை பெறும் இரவுக்கு முன், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லி சென்று செங்கோல் வழங்கிய குழுவினருடன் சென்று நாகசுரம் வாசித்தவர் இவரே. திருமடத்து வித்துவான் ஒருவருக்கு இதனினும் பெரிய வீதி வலம் வாய்த்ததாகத் தெரியவில்லை.

இத்தனை புகழும் கையில் தங்கியதா எனின், இல்லை. ஏராளமாக ஈட்டினார், ஈட்டியதினும் மிகுதியாகச் செலவிட்டார். ஒப்புக்கொண்ட கச்சேரிக்குக் காலந்தாழ்த்து வந்ததும், வாராதே போனதும் உண்டென்பர். குணத்தில் முரண்டும் உண்டு. அவற்றை மறைத்தெழுதுவது வரலாறு ஆகாது. ஆனால் நடையாய் நடந்து ஊதும் மூச்சுக்கு ஓய்வூதியம் ஏது? நுரையீரல் தளர்ந்த அன்றே வருவாயும் நிற்கும் தொழிலில், எதிர்காலத்திற்குச் சேமித்து வைக்கும் பழக்கம் அவர் காலத்து வித்துவான்கள் பலருக்குக் கைவரவில்லை. கலசத்திற்குப் பொன் தரும் அன்பர்கள், அதன் முன் செல்லும் நாயனக்காரரின் ஆடி மாதத்தையும் ஒருகால் நினைத்தல் நன்று.

1956 டிசம்பர்த் திங்கள் 12 ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் வயதில், சென்னையில் இறைவனடி சேர்ந்தார். செல்வம் என்று சொல்லத்தக்கது பெரிதாக எஞ்சவில்லை. நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் ஆச்சாமரத் தூண்களையும் விட்டங்களையும் வாங்கிக் கடைந்து செய்யும் நாகசுரத்திற்கு 2022 இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அங்குக் கடைந்து இன்று பெரும்பாலோர் கையிலிருப்பது அவர் விரும்பிக் கேட்ட அந்த நீண்ட பாரி நாயனமே.