தோட்டா தேடிய துறவி
மலை நாட்டு வீரர் அல்லூரி சீதாராம ராஜு

சென்னை திருவல்லிக்கேணியை அடுத்த சேப்பாக்கத்தில் ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. ஆற்காட்டு நவாபு கட்டிய மாளிகை அது. வெள்ளையர் ஆட்சியில் ரெவினியூ போர்டு அங்கேதான் இருந்தது. அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் மிகப் பெரியது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து ஒரிசா எல்லை வரை பரவியிருந்தது.

அந்த மாகாணத்தின் வட பகுதியில், கோதாவரி ஆற்றுக்கு அப்பால், கூடம் என்ற மலைநாடு உண்டு. 1922-ம் ஆண்டில் அங்கே ஒரு வாலிபர் கிளம்பினார். இரண்டு வருஷ காலம் சர்க்காரைக் கலங்க வைத்தார். அவர்தான் அல்லூரி சீதாராம ராஜு.

சிறு வயது

ராஜு 1897-ம் ஆண்டு ஜுலை 4-ந் தேதி, விசாகப்பட்டினம் ஜில்லா பாண்ட்ரங்கி கிராமத்தில் பிறந்தார். தந்தை போட்டோ பிடிக்கும் தொழில் செய்தவர். ராஜு சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார்.

ராஜுவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. ஊர் ஊராகச் சுற்றினார். காவி உடுத்தினார். கடைசியில் மலைக்கு வந்து சேர்ந்தார். மலை மக்கள் அவரைச் சாமியாராக வணங்கினார்கள். கள்ளும் சாராயமும் கூடாது, வழக்குகளைப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் புத்தி சொன்னார்.

மக்கள் பட்ட துன்பம்

மலை மக்கள் காட்டை வெட்டி, தீ மூட்டி, சாம்பலில் விதை தூவி விவசாயம் செய்வார்கள். அதற்குப் "போடு" என்று பெயர். 1882-ம் ஆண்டு வனச் சட்டம் அதற்குக் குறுக்கே வந்தது. சொந்தக் காட்டிலேயே விறகு பொறுக்கப் பயந்தார்கள். போதாக்குறைக்கு, மலையில் ரோடு போடும் வேலைக்கு அவர்களைப் பிடித்து, அரைக் கூலி கொடுத்து வேலை வாங்கினார்கள்.

ராஜு பொறுத்துப் பார்த்தார். பிறகு போர்க்கொடி உயர்த்தினார்.

ஆயுதம் எங்கே?

போருக்கு ஆள் கிடைத்தது. கண்டம் தொரா, மல்லு தொரா என்ற சகோதரர்கள் துணைக்கு வந்தார்கள். ஆனால் ஆயுதம்? மலை மக்களிடம் இருந்தவை வில்லும் அம்பும்தான். 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்சு இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. கடையில் போய்த் தோட்டாவும் வாங்க முடியாது.

துப்பாக்கி யாரிடம் இருக்கிறது? போலீசாரிடம். ராஜு அங்கேயே போனார்!

1922 ஆகஸ்டு 22-ந் தேதி, சுமார் 300 பேருடன் சிந்தப்பள்ளி போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கினார். மறுநாள் கிருஷ்ணதேவிப்பேட்டை. அதற்கு மறுநாள் ராஜவொம்மங்கி. மூன்றே நாளில் மூன்று ஸ்டேஷன்கள் வீழ்ந்தன. 26 துப்பாக்கிகளும் சுமார் 2,500 தோட்டாக்களும் கிடைத்தன. என்னென்ன எடுத்தோம் என்று ஸ்டேஷன் புத்தகத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் ராஜு.

செப்டம்பர் 24-ந் தேதி, தாமனப்பள்ளி கணவாயில் மறைந்திருந்து சுட்டார்கள். ஸ்காட் கவார்டு, ஹெய்ட்டர் என்ற இரண்டு வெள்ளை அதிகாரிகள் மாண்டார்கள். உடன் வந்த இந்தியப் போலீசாரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

தோட்டாவின் கதை

இங்கேதான் ராஜுவுக்குப் பெரிய சங்கடம் வந்தது. பழைய வாய்த் துப்பாக்கி என்றால் கவலை இல்லை. கரியும் வெடியுப்பும் கந்தகமும் சேர்த்து மருந்து இடிக்கலாம். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கலாம். ஆனால் போலீஸ் துப்பாக்கிக்கு அது உதவாது.

அதன் தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு ஒன்று. கூட்டின் அடியில் பதித்த கேப்பு ஒன்று. உள்ளே மருந்து. முனையில் குண்டு. சுட்டபின் கூடு மிஞ்சும். ஆனால் கேப்பு ஒரு தடவை தட்டினால் தீர்ந்தது. அதைச் செய்ய ரசாயனமும் யந்திரமும் வேண்டும். மலைக்குடிசையில் அது நடக்குமா? சுட்ட தோட்டா போனதுதான். புதிய தோட்டாவுக்கு மீண்டும் போலீஸ் ஸ்டேஷனுக்கே போக வேண்டும்.

இதைச் சர்க்காரும் புரிந்துகொண்டது. அக்டோபர் மாதம் அட்டதீகலை ஸ்டேஷனுக்குள் ராஜு புகுந்தார். அலமாரி காலி! துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் முன்கூட்டியே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரம்பசோடவரத்திலும் இதே ஏமாற்றம்தான்.

சண்டை முற்றியது

மலபார் விசேஷப் போலீஸ் வந்தது. பிறகு அஸ்ஸாம் ரைபிள்ஸ் படையும் வந்தது. அந்தக் காலத்து லூயிஸ் யந்திரத் துப்பாக்கி நிமிஷத்துக்கு 500 குண்டு சுடும். ராஜு மூன்று ஸ்டேஷன்களில் சேர்த்த தோட்டா அத்தனையும் அதற்கு ஐந்து நிமிஷத் தீனி!

1922 டிசம்பரில் நடந்த சண்டைகளில் ராஜு பல வீரர்களை இழந்தார். பிறகு நேருக்கு நேர் நிற்பதைக் குறைத்துக்கொண்டார். காடு அவரை மறைத்தது. மக்கள் சோறு போட்டார்கள். அதற்காகக் கிராமங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவரை அடக்கச் சர்க்காருக்குச் சுமார் 40 லட்ச ரூபாய் செலவாயிற்று என்பார்கள்.

முடிவு

1924 மே மாதம் ராஜு பிடிபட்டார். கோர்ட்டு விசாரணை எதுவும் நடக்கவில்லை. மே 7-ந் தேதி, கொய்யூரில் அவரை மரத்தில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த மாதமே கண்டம் தொராவும் சுடப்பட்டு இறந்தார்.

ராஜுவின் சமாதி கிருஷ்ணதேவிப்பேட்டையில் இருக்கிறது. எந்த ஊர் ஸ்டேஷனில் அவர் துப்பாக்கி எடுத்தாரோ, அதே ஊர்! 1986-ல் இந்திய சர்க்கார் அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. 2022-ல் ஆந்திராவில் ஒரு மாவட்டத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

அவர் சேர்த்த தோட்டாக்கள் எப்போதோ தீர்ந்துபோயின. அவர் பெயரை மலை மக்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.