சதுரங்க வீரர் மீர் சுல்தான் கான்

சதுரங்கம் பாரத நாட்டில் தோன்றியது என்று நாம் பெருமை பேசுகின்றோம். ஆயினும், அவ்வாட்டத்தில் மேனாட்டுப் பெருவீரர்களை அவர்தம் மண்ணிலேயே வென்ற ஒருவரை ஏறக்குறைய மறந்துவிட்டோம். அவரே மீர் சுல்தான் கான்.

பஞ்சாபில் மிட்டா திவானா என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளமையில் தந்தையாரிடம் நம் நாட்டு முறைச் சதுரங்கத்தைக் கற்றார். அம்முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். மேனாட்டு விதிகளை அவர் பயின்றது வாலிபப் பருவத்திலேதான். சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழாரின் ஆதரவில் 1928இல் அகில இந்தியப் போட்டியில் வெற்றி பெற்று, மறு ஆண்டு இலண்டன் சென்றார். அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருடையதாயிற்று. உலக ஒலிம்பியாடுகள் மூன்றில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் அமர்ந்தவரும் அவரே.

அவர் புகழை நிலைநாட்டியது 1930-31ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போட்டி. எதிரே அமர்ந்தவர் முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்கா. கறுப்புக் காய்களுடன் அவர் மேற்கொண்டது குவீன்ஸ் இந்தியன் என்னும் தற்காப்பு. எதிரியின் பிஷப் முன்வந்து தம் குதிரையை முடக்காவண்ணம், சுல்தான் கான் ஐந்தாம் நகர்த்தலில் ஓரக் காலாளை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். அடக்கமான அந்நகர்த்தலில் தொடங்கிய ஆட்டம் நெடுநேரம் நீண்டு, அவர் வெற்றியில் முடிந்தது. பிற்காலத்தில் உலக சாம்பியனான பெட்ரோசியன் அவ்வழியைப் பெரிதும் கையாண்டமையால், அது பெட்ரோசியன் முறை என்றே பெயர் பெற்றது. முன்னர் அவ்வழி சென்றவரின் பெயரோ அதில் இல்லை!

குளிரும் நோயும் வாட்டிய போதிலும் ஆடிய அவர், 1933இன் இறுதியில் தாயகம் திரும்பினார். மீண்டும் ஐரோப்பிய அரங்கங்களில் அவர் ஆடவில்லை. 1950இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கத் தொடங்கியபோதும் அவருக்கு ஒன்றும் கிட்டவில்லை. 1966இல் பாகிஸ்தானின் சர்கோதாவில் காலமானார். 2024இல்தான் அச்சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. அதனைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

1961இல் மானுவேல் ஆரோன் சர்வதேச மாஸ்டராகவும், 1988இல் விசுவநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டராகவும் இந்தியாவிலேயே முதன்முதலாக உயர்ந்ததைத் தமிழராகிய நாம் போற்றுகின்றோம். மாலையில் நம் குழந்தைகள் சதுரங்கப் பலகையை விரிக்கும்போது, அவர்களுக்கு முன்பே அரங்கேறிய இப்பஞ்சாபியரின் கதையையும் சொல்வோமாக. காலாள் ஒரு கட்டமே நகர்ந்தாலும் ஆட்டத்தின் போக்கு மாறலாம் என்பதை அவர்கள் அறியட்டும்.