களிமண்ணிலிருந்து கலாபவனத்துக்கு: ராம்கிங்கர் பைஜின் வாழ்வு

மோகனூரின் காவிரிக் கரையிலிருந்து ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர் ஒருவர், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் சுடுமண் கலை பயில விரும்புவதாக வைத்துக்கொள்வோம். மண் பிசையவா உன்னைப் படிக்க வைத்தோம் என்று வீட்டார் கேட்பார்கள். அக்கேள்வியில் நியாயம் உண்டு. தலைமுறைகளாகக் கையுழைப்பே விதியெனக் கட்டிப்போடப்பட்டவர்கள், கல்வியை அந்தக் கட்டிலிருந்து வெளியேறும் வழியாகவே காண்கிறார்கள். ஆயினும், மண்ணில் பழகிய கையோடு கலைக் கல்லூரிக்குள் நுழைந்து, சாதி வகுத்த எல்லையைக் கடந்த ஒருவரின் வாழ்வை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ராம்கிங்கர் பைஜ் 1906ஆம் ஆண்டு வங்கத்தின் பாங்குராவில், நாவிதர் குடும்பத்தில் பிறந்தார். தீண்டாமையின் முழுக் கொடுமையும் அச்சமூகத்தின் மீது விழவில்லை. எனினும் பிறருக்கு ஊழியம் செய்வதே அதன் கடமையென விதிக்கப்பட்டிருந்தது. பாங்குரா வட்டாரம் சுடுமண் குதிரைகளுக்கும் விஷ்ணுபூரின் சுடுமண் கோயில்களுக்கும் பெயர்பெற்றது. களிமண்ணில் உருவம் சமைத்த உள்ளூர்க் கைவினைஞர்களே சிறுவனின் முதல் ஆசிரியர்கள். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் அவர் தலைவர்களின் உருவப்படங்களை வரைந்தார். பாங்குராவில் பிறந்த இதழாசிரியர் ராமானந்த சட்டர்ஜி அத்திறனைக் கண்டு, 1925இல் அவரைச் சாந்திநிகேதனுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே கலாபவனத்தில் நந்தலால் போஸிடம் பயின்ற ராம்கிங்கர், பின்னர் அங்கேயே ஆசிரியராகிச் சிற்பத் துறைக்குத் தலைமையேற்றார். வெண்கலம் வார்க்கப் பணமில்லை. ஆகவே இரும்புக் கம்பிச் சட்டத்தின் மீது சிமெண்டையும் செம்பூரான் கற்துகளையும் கையால் அள்ளி அறைந்து உருவங்களை எழுப்பினார். 1938இல் அவர் படைத்த ‘சந்தால் குடும்பம்’, தட்டுமுட்டுச் சாமான்களோடும் குழந்தைகளோடும் நாயோடும் பிழைப்புத் தேடி நடக்கும் பழங்குடியினரைப் பேருருவாக வெட்டவெளியில் நிறுத்தியது. கடவுளருக்கும் அரசருக்கும் உரியதாக இருந்த பீடம் உழைப்பவருக்கு உரியதாயிற்று. 1956இல் அவர் முடித்த ‘ஆலைச் சங்கின் அழைப்பு’, வேலைக்கு விரையும் சந்தால் பெண்களைக் காட்டுகிறது. 1970இல் பத்மபூஷண் பெற்ற அவர், 1980 ஆகஸ்ட் 2 அன்று மறைந்தார்.

இவ்வாழ்வைத் தனிமனிதத் திறமையின் வெற்றியாக மட்டும் நாம் படித்துவிடக் கூடாது. செல்வாக்குள்ள ஒருவரின் கண் பட்டதால் அவருக்குக் கல்லூரியின் கதவு திறந்தது. யார் கண்ணிலும் படாத கைகள் பாங்குராவில் எத்தனையோ இருந்திருக்கும். அவர் சிலையாக வடித்த சந்தால் மக்களோ அன்று பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே நின்றார்கள். ஒருவரின் பெருந்தன்மைக்காகக் காத்திருக்க வேண்டிய நிலையை மாற்றுவதற்கே இடஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும் விடுதியும் உரிமைகளாகப் போராடிப் பெறப்பட்டன. அவை கலைக் கல்லூரியின் சூளைவரை சென்று சேர வேண்டும். பிறப்பு சுமத்தினால் மண் பிசைவது அடிமைத்தனம். தானே தேர்ந்து, கற்று, தன் பெயர் பொறித்துச் செய்தால் அது கலை. அந்தத் தேர்வுரிமையையே நாம் மோகனூர் மாணவருக்கும் கோருகிறோம்.