பொருளறிஞர் குமரப்பா

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டை நோக்கி மலைச்சாலையில் ஏறிச் செல்வோர், அப்பால் பரந்து கிடக்கும் ஏலத்தோட்டங்களைக் காண்பர். ஓங்கிய மரங்களின் நிழலிலே, செடியின் அடியில் நிலத்தையொட்டி நீளும் சரங்களில் ஏலம் பூக்கும். அப்பூவை நாடித் தேனீ வரும். தேனை உண்ணும் தேனீ, பூவுக்குப் பூ மகரந்தத்தையும் கொண்டு சேர்க்கும். தேனீ வாராதொழியின் காய் செழியாது. தனக்கு வேண்டியதைப் பெறும்போதே பிறர்க்கு வேண்டியதையும் செய்யும் இச்சிற்றுயிரை, மக்களின் பொருள் வாழ்வுக்கு எடுத்துக்காட்டாக்கினார் ஓர் அறிஞர். அவரே ஜே. சி. குமரப்பா. அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த டி. கல்லுப்பட்டியும் போடியும் அந்நாளில் ஒரே மதுரை மாவட்டத்து ஊர்களாக இருந்தன.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில், கிறித்தவக் குடும்பமொன்றில் தோன்றினார். அந்நாளில் கார்னீலியஸ் என்னும் பெயரே அவருக்கு வழங்கியது. இலண்டன் சென்று கணக்காய்வுக் கலை பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். வருவாய் பெருகியது, மேனாட்டு உடையும் நடையும் அவரிடம் குடிகொண்டன.

பின்னர் அமெரிக்கா சென்று, சிரக்யூஸ், கொலம்பியா ஆகிய பல்கலைக் கழகங்களில் பயின்றார். இந்தியாவின் வறுமைக்குக் காரணம் யாது என்பது பற்றி அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு தூண்டினார். ஆங்கில அரசு இந்நாட்டில் திரட்டிய வரிப்பணம் படைக்கும் கடனுக்கும் பெரிதும் செலவாகியதையும், மக்கள் நலத்துக்குச் சிறுபகுதியே எஞ்சியதையும் கணக்குகளே அவருக்குக் காட்டின. பிறர் கணக்கை ஆராய வந்தவருக்குத் தம் நாட்டின் கண்ணீர் அங்கே புலனாயிற்று.

1929-ஆம் ஆண்டில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகள் அவர்தம் ஆராய்ச்சியைத் தம் இதழில் வெளியிட்டதோடு, குஜராத்தின் மாதர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள் நிலையை ஆராயும் பணியையும் ஒப்படைத்தார். குமரப்பா பம்பாய்த் தொழிலைத் துறந்தார், கதர் உடுத்தார், முன்னோர் வழிப் பெயரை மேற்கொண்டார், விடுதலைப் போரில் பன்முறை சிறை புகுந்தார்.

1934-ஆம் ஆண்டில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் பாழ்படுத்தியது. துயர் துடைக்கும் நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்புக் குமரப்பாவுக்கு வாய்த்தது. காந்தியடிகளின் குழுவினர் அங்கு வந்தபோது, அவர்தம் செலவை அந்நிதியிலிருந்து கொடுக்க அவர் இசையவில்லை. துன்புற்றோர்க்கென வந்த பணம் தம் தலைவருக்கேயாயினும் உரியதன்று என்பது அவர் துணிவு. அடிகளும் அதனை ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம் தோன்றியபோது, அதனை நடத்தும் பொறுப்பும் குமரப்பாவையே சார்ந்தது. வார்தாவின் மகன்வாடியில் செக்கு, காகிதம், தேனீ வளர்ப்பு முதலிய தொழில்களை அவர் அறிவியல் முறையில் ஆராய்ந்து திருத்தினார். கைத்தொழிலைப் போற்றியவர் அறிவியலை வெறுத்தவரல்லர் என்பதற்கு இதுவே சான்றாகும்.

நிலைத்த பொருளாதாரம் என்னும் பொருளுடைய ஆங்கில நூலை அவர் சிறையிலிருந்தே எழுதினார். அது 1945-இல் வெளிவந்தது. பிறவுயிரைக் கொன்று தின்னும் புலி, பிறர் தோப்பைக் கொள்ளையிடும் குரங்கு, தன் உழைப்பால் கூடு கட்டும் பறவை, கூடி உழைக்கும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சைப் பேணும் தாய்ப்பறவை என உயிர்களின் வாழ்வைப் படிப்படியாக அதில் வகுத்துக் காட்டினார். மனிதன் புலியின் நிலையினின்று தாயின் நிலைக்கு உயர்தலே நாகரிகம் என்பது அவர் கொள்கை. திருட்டுப் பொருளை வாங்குவோன் திருட்டுக்கு உடந்தையாதல் போல, பிறர் உழைப்பைச் சுரண்டி விளைந்த பண்டத்தை வாங்குவோனும் அக்குற்றத்தில் பங்குடையவனாவான் என அவர் கருதினார்.

விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1949-இல் அக்குழு அளித்த அறிக்கை, அரசுக்கும் உழவனுக்கும் இடையே இடைத்தரகர் இருத்தலாகாது என்றும், உழுபவனுக்கே நிலம் உரியதாதல் வேண்டும் என்றும் வற்புறுத்தியது. நாடு பெருந்தொழில்களை நாடிச் சென்றபோதும் அவர் தம் கொள்கையினின்று பிறழவில்லை. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தைச் சார்ந்து எளிய வாழ்வு வாழ்ந்தார். காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில், 1960-ஆம் ஆண்டு, சென்னையில் உயிர் நீத்தார்.

மாணாக்கர்களே! போடியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு மலையேறும் பெண்கள், குனிந்த முதுகு நிமிராமல் முற்றிய ஏலக்காய்களைத் தேர்ந்து பறிக்கின்றனர். அக்காய் உலர்ந்து, தரம் பிரிந்து, ஏலத்தில் விலை போகின்றது. வாங்கியவன் கொடுத்ததும் விற்றவன் பெற்றதும் ஏட்டில் ஏறும். பறித்த கைக்கு உரிய கூலி கிடைத்ததா, நிழல் தந்த மரம் நிற்கின்றதா என்பன அவ்வேட்டில் ஏறுவதில்லை. எழுதப்படாத அக்கணக்கையும் படிக்கச் சொன்ன தணிக்கையாளர் குமரப்பா. அடுத்த முறை ஓர் ஏலக்காயைக் கையில் எடுக்கும்போது, அக்கணக்கையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.