அந்தமானுக்குப் போன தந்தி

உத்தியோக நிமித்தமாக 1974-ல் கல்கத்தா வந்தவன் நான். திருச்சியில் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்தவனுக்கு வங்காளச் சரித்திரம் ஒன்றும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு பெஹாலாவிலேயே தங்கிவிட்டேன். பொழுதைப் போக்க அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய் வருவது வழக்கமாயிற்று. அங்கேதான் காந்திஜியின் எழுத்துக்கள் அடங்கிய 100 தொகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். அவற்றில் பெரும்பகுதி கடிதங்கள்தான்.

நூலகத்துக்குக் கொஞ்ச தூரத்தில் பழைய அலிப்பூர் மத்திய சிறை இருக்கிறது. 2019-ல் கைதிகளை பாருய்பூருக்கு மாற்றிவிட்டார்கள். 2022-ல் அதை மியூசியமாக்கித் திறந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த பேரனை அழைத்துக்கொண்டு பெஹாலா சௌரஸ்தாவில் மெட்ரோ ஏறி, மாஜேர்ஹாட்டில் இறங்கி, அங்கே போனேன். நேரு இருந்த அறையைப் பார்த்ததும், காந்தி தாத்தா எந்த அறையில் இருந்தார் என்று பையன் கேட்டான். அவர் வங்காளத்தில் கைதியாக இருந்ததில்லை, கைதிகளுக்காக வந்தவர் என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியது.

காந்திஜி முதன்முதலில் சிறை சென்றது 1908 ஜனவரியில், ஜோஹன்னஸ்பர்க்கில். தென்னாப்பிரிக்கச் சிறைகளில்தான் போப் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் தமிழ் படித்தார். கூடச் சிறைக்கு வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை நமக்கெல்லாம் தெரிந்த பெயர். பதினாறு வயதுப் பெண். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் காலமானாள். படுக்கையில் கிடந்தவளைப் பார்க்கப் போன காந்திஜி, சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று விசாரித்தார். மறுபடி போகவும் தயார் என்றாள் அவள். அந்தப் பதிலை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இந்தியா வந்த பின் 1922-லிருந்து 1944 வரை பலமுறை சிறை. எரவாடாவிலிருந்து வாரா வாரம் ஆசிரமத்துக்குக் கடிதம் போகும். வலக்கை வலித்தால் இடக்கையால் எழுதுவார். 1933 மே மாதம் 21 நாள் உபவாசம் தொடங்குமுன், டேராடூன் சிறையில் இருந்த நேருவுக்கு எரவாடாவிலிருந்தே செய்தி அனுப்பினார். ஒரு கைதி இன்னொரு கைதியைத் தேற்றிய விசித்திரம்!

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தமான் விஷயம். 1932-லிருந்து வங்காளப் புரட்சி இளைஞர்களை மறுபடி அந்தமான் செல்லுலார் சிறைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1933-ல் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது வலுக்கட்டாயமாக மூக்கு வழியாகக் குழாய் செலுத்திப் பால் ஊற்றினார்கள். சாப்பாட்டுக் குழாயும் மூச்சுக் குழாயும் தொண்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. திமிறுகிற மனிதனுக்குக் குழாய் தவறினால் பால் நுரையீரலில் இறங்கும். மகாவீர் சிங் அப்படித்தான் இறந்தார். மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய இருவரும் அதே போராட்டத்தில் உயிரிழந்தார்கள்.

1937 ஜூலை 24-ல் மீண்டும் உண்ணாவிரதம். இருநூறு பேர் வரை சேர்ந்தார்கள். கல்கத்தா டவுன்ஹால் கூட்டத்துக்கு ரவீந்திரநாத் தாகூர் தலைமை வகித்தார். ஆகஸ்டு கடைசியில் காந்திஜி வைஸ்ராய் மூலமாக அந்தமானுக்கு ஒரு தந்தி அனுப்பினார். தேசம் உங்களுக்காகப் பாடுபடும், அதை நம்பி உண்ணாவிரதத்தைக் கைவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதோடு, பயங்கரவாத வழியில் நம்பிக்கை வைத்திருந்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள் என்று எனக்கு உறுதி சொல்ல முடியுமானால் உதவியாக இருக்கும் என்றும் சேர்த்திருந்தார். அவர்கள் உண்ணாவிரதத்தை நிறுத்தினார்கள், அந்த உறுதியையும் கொடுத்தார்கள்.

பட்டினி கிடப்பவனிடம் கொள்கையைப் பற்றி விசாரிக்கலாமா என்று எனக்கு உறுத்தியது. இங்குள்ள வங்காள நண்பர்கள் சிலருக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. ஆனால் முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் இன்னொன்றும் தோன்றுகிறது. கையில் ஏதாவது ஒரு காகிதம் இல்லாமல் எந்த அதிகாரியிடமும் போய்ப் பேச முடியாது. அவருக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது.

கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. அந்த அக்டோபரிலேயே கல்கத்தா வந்து உட்பர்ன் பார்க்கில் சரத் போஸ் வீட்டில் தங்கினார். ரத்த அழுத்தம் ஏறிப் படுக்கையில் விழுந்தார். ஆனாலும் மந்திரிகளையும் கவர்னர் ஆண்டர்ஸனையும் பார்த்துப் பேசினார். 1934-ல் டார்ஜிலிங்கில் வங்காள இளைஞர்கள் சுட முயன்றது இதே ஆண்டர்ஸனைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். விசாரணையில்லாமல் காவலில் இருந்த சுமார் 1,100 பேர் நவம்பரில் விடுதலையானார்கள். 1938 ஜனவரிக்குள் அந்தமான் அரசியல் கைதிகள் இங்கே திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த வசந்த காலத்தில் மறுபடி வந்து, கல்கத்தாச் சிறைகளுக்குள் போய்க் கைதிகளோடு உட்கார்ந்து பேசினார். அவர் வழியை ஏற்காதவர்கள்தான் அவர்களில் பலர்.

எல்லாம் கூடிவந்தது என்று சொல்ல முடியாது. தண்டனை பெற்றவர்களை விடுவிப்பதில் பேச்சு இழுத்தடித்தது. 1939 ஜூலையில் அலிப்பூரிலும் டம்டமிலும் கைதிகள் மறுபடி உண்ணாவிரதம் தொடங்கினார்கள். விடுதலைக்காகப் பட்டினி கிடப்பது காந்திஜிக்குப் பிடிக்காது. இருந்தும் மகாதேவ தேசாயை அனுப்பிவைத்தார். போஸ் சகோதரர்கள் கேட்டுக்கொண்ட பிறகே அது நின்றது. கல்பனா தத் 1939-ல் வெளியே வந்தார். சிட்டகாங் வழக்கின் கணேஷ் கோஷ் போன்றவர்களுக்குக் கதவு திறக்க 1946 ஆயிற்று.

என் சொந்த விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் என் செக்‌ஷனில் வேலை பார்த்த ஒருவர் பேரில் புகார் வந்து, சில மாதம் சிறையில் இருந்தார். அவர் குற்றமற்றவர் என்று எனக்குத் தெரியும். ஓர் இன்லண்ட் லெட்டர் வாங்கிப் பாதி எழுதினேன். சிறை விலாசத்தைப் பார்த்ததும், என் ரகசிய அறிக்கையில் யாராவது ஏதாவது எழுதிவிடுவார்களோ என்ற பயம் வந்தது. தபாலில் சேர்க்கவில்லை. அவர் விடுதலையாகி வேலைக்குத் திரும்பிய அன்று எல்லோருக்கும் சந்தேஷ் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

அவரும் இப்போது இந்தப் பக்கம்தான், ஷகேர்பஜாரில் இருக்கிறார். காலை நடையில் அடிக்கடி சந்திப்போம். மியூசியம் போய்வந்த வாரம், நாற்பது வருஷத்துக்குப் பிறகு, அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நடந்தார். அந்த மாதங்களில் யார் யாரிடமிருந்து கடிதம் வந்தது என்று பெயர் பெயராகச் சொன்னார். மூன்றே பெயர்கள். பிறகு டீக்கடை வந்தது. இருவருக்கும் அவரே காசு கொடுத்தார்.