விக்டோரியா மகாராணியின் வம்சம்

பழைய பெட்டியைக் கிளறினால் சில வீடுகளில் ராணி தலை போட்ட வெள்ளிக்காசு ஒன்று இன்னும் கிடைக்கும். நம் பாட்டன் முப்பாட்டன் கப்பலேறி மலாயா மண்ணுக்கு வந்து கரும்பும் காப்பியும் போட்ட காலத்தில் சிம்மாசனத்தில் இருந்தவர் அந்த அம்மையார்தான், விக்டோரியா மகாராணி.

பிறந்தது 1819 மே 24-ல். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்ச் சேர்ந்தார். ஜெர்மன்காரத் தாயார் வளர்த்தார். கண்டிப்போ கண்டிப்பு! மாடிப்படி இறங்கக்கூட யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1837-ல் 18 வயதில் பட்டத்துக்கு வந்தார். வந்த கையோடு தாயாரின் அறையிலிருந்த தன் கட்டிலை வேறு அறைக்குத் தூக்கிப் போடச் சொன்னாராம்.

1840-ல் கல்யாணம். மாப்பிள்ளை ஆல்பர்ட், ராணியின் தாய்மாமன் மகன். நம் வழக்கில் முறை மாப்பிள்ளை. ராணியிடம் பெண் கேட்க யாருக்கும் உரிமை இல்லாததால் ராணியேதான் கேட்டார். பிள்ளைகள் ஒன்பது. 1861-ல் ஆல்பர்ட் இறந்தபின் நாற்பது வருஷம் கறுப்பு உடுப்புத்தான்.

அவர் ஆட்சியில்தான் 1842-ல் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களும் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்வது தடையானது. 1871-ல் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. ராணி கொடுத்த வரமல்ல அது, தொழிலாளர் போராடி வாங்கியது. சங்கத்துக்காரர்கள் நாம் இதைச் சொல்லாமல் விட முடியுமா?

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஐரோப்பா முழுக்க அரண்மனைகளில் கட்டிக்கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகள் மட்டும் 42 பேர். ஆனால் சீதனத்தோடு ஒரு நோயும் கூடப் போனது. காயம் பட்டால் இரத்தம் உறையாத ஹீமோஃபீலியா. ராணிக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் அது இருந்ததாகத் தடயமில்லை. முறை மாப்பிள்ளையைக் கட்டியதால் வந்ததுமல்ல. பெண்கள் அதைச் சுமப்பார்கள், பெரும்பாலும் அவஸ்தைப்படுவது ஆண்பிள்ளைதான். தாய்க்கே தெரியாமல் இறங்குகிற நோய் இது. இதற்குப்போய்ப் பெற்றவளை ராசியில்லாதவள் என்று ஏசுவது எத்தனை அநியாயம்! பல் விழுந்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை, முட்டி சும்மா சும்மா வீங்குகிறது என்றால் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

ராணியின் மகன் லியோபோல்டு 1884-ல் கீழே விழுந்து 30 வயதில் இறந்தார். மகள் ஆலிஸின் இரண்டு வயது மகன் 1873-ல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். கடைக்குட்டி பியாட்ரிஸின் மகள் ஸ்பெயினுக்கு ராணியாகப் போனாள். அங்கேயும் இரண்டு பிள்ளைகளுக்கு இதே நோய். ஆலிஸின் இன்னொரு மகள் ரஷ்ய ஜாருக்கு வாழ்க்கைப்பட்டாள். நாலு பெண்ணுக்குப் பிறகு 1904-ல் தவமிருந்து பெற்ற மகன் அலெக்ஸிக்கும் அதுவே. வெளியே தெரியாமல் மூடி மறைத்தார்கள். பையனைக் குணப்படுத்துவதாக வந்த ரஸ்புடின் என்ற சாமியார் அரண்மனையையே ஆட்டி வைத்தான்.

1901-ல் மகாராணி கண்ணை மூடியபோது கட்டிலருகே இருந்தவர்களில் ஒருவர் மூத்த மகள் வயிற்றுப் பேரன், ஜெர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்ம். பதின்மூன்று வருஷம் கழித்து, 1914-ல், இங்கிலாந்தில் மன்னராக இருந்த பேரன் ஐந்தாம் ஜார்ஜும் வில்ஹெல்மும் எதிரெதிர் அணி! பேத்தியின் புருஷன் ஜார் இங்கிலாந்துப் பக்கம். ஒரே பாட்டி வீட்டுச் சண்டையில் குண்டுக்கு இரையானது யார்? ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். 1917-ல் ஜார்ஜ் தன் ஜெர்மன் குடும்பப் பெயரையே வின்சர் என்று மாற்றிக்கொண்டார். பதவியிழந்த ஜாருக்கு அடைக்கலம் தர முதலில் இசைந்த இங்கிலாந்து, அவர் விருப்பப்படியே பின்வாங்கியது. 1918 ஜூலையில் ஜார் குடும்பம் முழுவதையும் சுட்டுக் கொன்றார்கள். வில்ஹெல்ம் அதே வருஷம் ஹாலந்துக்கு ஓடினார்.

இங்கிலாந்து, ஸ்பெயின், சுவீடன், நார்வே, டென்மார்க் அரச குடும்பங்கள் இன்றும் இந்தப் பாட்டியின் கொடிதான். எலிசபெத் ராணியும் அவர் கணவர் பிலிப்பும்கூட. ரஷ்யாவில் 1991-ல் தோண்டியெடுத்த எலும்புகள் யாருடையவை என்று பார்க்க பிலிப்தான் இரத்தம் கொடுத்தார். ஜார் மனைவியின் அக்காள் அவருக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி. 1993-ல் பொருந்தியது. சிறுவன் அலெக்ஸியின் எலும்பு 2007-ல்தான் கிடைத்தது. குடும்ப நோய் ஹீமோஃபீலியாவில் ‘பி’ வகை என்று 2009-ல் அந்த எலும்பே சொன்னது.